பிளக் சுடுகிறதா? எம்.சி.பி.யைக் குறை சொல்லாதீர்கள்

"கீசர் போட்டா தீஞ்ச வாடை வருது தம்பி. எம்.சி.பி. கெட்டுப்போச்சு போல, ட்ரிப்பே ஆகல. நல்லதா ஒண்ணு மாத்திடுங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. (எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து, அதாவது ட்ரிப் ஆகி, லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்.)

போய்ப் பார்த்தால், 16 ஆம்ப் சாக்கெட்டில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. பிளக்கிலும் அதே பக்கத்துப் பின் கறுப்பு. மற்ற இரண்டும் பளபளவென்று இருந்தன. பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிட்டது: அந்த ஒரு பக்கத்தில் கான்டாக்ட் லூஸ்.

கீசரைப் போட்டு, ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்தேன். 8.4 ஆம்ப். கீசர் முனையில் 221 வோல்ட். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ்: 26 ஓம் சொச்சம். இரண்டையும் பெருக்கினால் பவர்: சுமார் 1850 வாட். 2000 வாட் கீசர், வோல்டேஜ் கொஞ்சம் குறைவாக வருவதால் இது சரிதான். கீசரில் கோளாறு இல்லை.

அப்புறம் கறுத்த பக்கத்தில், சாக்கெட்டுக்கு வரும் ஒயருக்கும் பிளக்கிலிருந்து போகும் ஒயருக்கும் நடுவே அளந்தேன். (லைன் ஓடும்போது மீட்டர் முனையை உள்ளே விடுவது கை பழகியவர்கள் வேலை. வீட்டில் முயற்சி வேண்டாம்.) அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. 5 வோல்ட் காட்டியது.

5 வோல்ட்தானே என்று தோன்றும். அதே கணக்கைப் போடுங்கள். 5 வகுத்தல் 8.4, கிட்டத்தட்ட 0.6 ஓம். 5 பெருக்கல் 8.4, 42 வாட். நாங்கள் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட்! அதைவிடப் பெரிய சூடு, பட்டாணி அளவு இடத்தில், கீசர் ஓடும் நேரமெல்லாம்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? அது பார்ப்பது கரண்டை மட்டும். 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு 8.4 ஒரு பொருட்டே இல்லை. லூஸ் கான்டாக்ட் கரண்டைக் கூட்டாது, கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும். கரண்ட் வெளியே கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனென்றால் எங்கும் லீக்கேஜ் இல்லை. இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்க, சாக்கெட் பாட்டுக்கு உருகும். சூட்டில் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி தளரும், கறுப்புப் படியும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும்.

இதே சாக்கெட்டில் 70 வாட் ஃபேனைச் செருகியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கரண்ட் 0.3 ஆம்ப்தான். ரெசிஸ்டன்ஸ் அதேதான், சூடு கரண்டின் வர்க்கத்தில் போகும். கணக்குப் போட்டால் 0.05 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் "போன வருஷம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்ற பேச்சு வருகிறது.

கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் மூன்றுக்கும் ஒரு சோதனை போதும். கால் மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் மேல் பக்கம் கை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைத்தால் அந்தப் பாயிண்டை அன்றோடு நிறுத்துங்கள். பிளக்கை மட்டும் மாற்றுவது அரை வேலை. சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டையும் மாற்றியபின் அதே இடத்தில் 0.1 வோல்ட். பழைய சாக்கெட்டைக் கழற்றும்போது ஒயர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று லூஸாக இருந்தது. "அப்ப எம்.சி.பி. மாத்த வேணாமா?" என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.