31-ஆம் நாள் மாத்திரை

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் கடையில் கத்தரிக்கோலுக்கு ஓய்வே இருக்காது. விருதுநகர் மாவட்டத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழிலை நம்பியிருக்கும் ஊர்களில் அதுதான் சம்பள நாள். வாரக் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு, காய்கறி வாங்கப் போகும் வழியில் மருந்துக்கடைக்கும் வருவார்கள். "அண்ணாச்சி, சுகர் மாத்திரை ஏழு, பிரஷர் மாத்திரை ஏழு." பத்து மாத்திரை அட்டையில் ஏழை வெட்டிக் கொடுப்பேன். மிஞ்சிய மூன்றோடு அடுத்த அட்டையில் நான்கை வெட்டிச் சேர்த்தால் பின்னால் நிற்பவருக்கு ஆகும்.

மருந்தாளுநராக இந்த மேசைக்குப் பின்னால் 19 ஆண்டுகளாக நிற்கிறேன். சிறிய ஊர்களில் மருந்தே கிடைப்பதில்லை என்று யாராவது எழுதினால் எனக்கு முழுமனதோடு ஒத்துக்கொள்ள முடிவதில்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் இல்லாத மருந்துக்கடையை நீங்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அவற்றைக் காசில்லாமலும் தருகிறார்கள். அப்படியிருந்தும் மாதத்தில் ஐந்தாறு நாள் மாத்திரை இல்லாமல் இருப்பவர்கள் எங்கள் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். கொடுத்த 30 மாத்திரை தீர்ந்த பிறகு 31-ஆம் நாள் காலையில் கையில் ஒன்று இருக்கிறதா என்பதுதான் என்னுடைய கேள்வி.

காய்ச்சல் மாத்திரையை மறந்தால் உடம்பே ஞாபகப்படுத்தும். இரத்த அழுத்தம் அப்படிச் செய்யாது. மாத்திரை போடாத நாளும் போட்ட நாள் போலவே நடமாட்டமாகக் கழியும். "நான்கு நாளாகப் போடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லா மருந்தையும் அப்படி விட முடியாது. அட்டெனலால் வகை மாத்திரையை இதய நோயாளி திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பும், மாரடைப்பு வரைக்கும் போகலாம். வலிப்பு மருந்தையோ இரண்டு நாள் விட்டாலே போதும், வலிப்பு திரும்பலாம்.

புத்தக பைண்டிங் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் பல ஆண்டுகள் வலிப்பில்லாமல் இருந்தார். தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போனபோது சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரைகளை மறக்காமல் எடுத்துப் போனார். பை சுமையாக இருக்கக் கூடாதென்று அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிரித்து, காகிதத்தில் மடித்து இடுப்பு மடியில் செருகிக்கொண்டார். அந்த மாத்திரை ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உள்ளது. விழுங்கும் நேரம்வரை அட்டைக்குள்தான் இருக்க வேண்டும். இரண்டாம் நாள் அவர் மடியை அவிழ்த்தபோது வியர்வையில் ஊறிய பசைதான் இருந்தது. மூன்றாம் நாள் வலிப்பு வந்து சாலையோரத்தில் விழுந்தார். நல்ல வேளையாக உடன் நடந்தவர்கள் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தவறு அவருடையதா? அட்டையைப் பிரிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மாதா மாதம் மருந்து கொடுத்தவன் நான்தான்.

அட்டையை வெட்டுவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் இன்னொன்றும் இருக்கிறது. தொகுதி (பேட்ச்) எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஓர் ஓரத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். வெட்டிய துண்டில் சில சமயம் மருந்தின் பெயரே பாதிதான் இருக்கும். அப்படி நான்கு துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்ந்தால் எது எதற்கு என்று கண்டுபிடிக்க நானே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் துண்டாகக் கொடுத்தால் ஒரு சிறிய காகித உறையில் மருந்தின் பெயர், தேதி, காலையா இரவா என்று எழுதித்தான் தருகிறேன். உங்கள் ஊர்க் கடைக்காரர் எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சரி, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும்போது இவர்கள் ஏன் என்னிடம் ஏழு மாத்திரை வாங்குகிறார்கள்? மருந்துக்கடை வைத்திருப்பவன் இந்தக் கேள்வியைக் கேட்பது தன் தலையில் தானே மண் அள்ளிப் போடுவது போலத்தான். இருந்தாலும் கேட்கிறேன். மக்கள் என்னிடம் சொல்லும் முதல் பதில், "அந்த மாத்திரையில் வீரியம் இல்லை" என்பது. இதை நான் ஏற்பதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். வாங்கிய மருந்தை மாவட்டக் கிடங்கில் நிறுத்தி வைத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி குறியீடு இட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டியதைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. அட்டையின் பளபளப்பை வைத்து வீரியத்தை எடை போடாதீர்கள்.

இரண்டாவது பதிலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புறநோயாளிப் பிரிவு காலையில்தான் இயங்கும். சீட்டுப் போட்டு, இரத்தம் கொடுத்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வரிசையில் நின்று வெளியே வரும்போது மதியம் ஆகிவிடும். அன்றைய கூலி போயிற்று. என்னிடம் ஒரு மாதத்துக்கு ஆகும் மாத்திரைச் செலவைவிட அந்த ஒரு நாள் கூலி பலருக்கு அதிகம். ஆக, கணக்குத் தெரியாமல் அவர்கள் என்னிடம் வரவில்லை. இலவச மருந்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அது ரசீதில் வராது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், பஸ் ஏற முடியாத முதியவர்களுக்கும் இது பெரிய காரியம். ஆனால் காலை ஏழு மணிக்கே ஆலை வண்டியில் ஏறிவிடும் பெண்ணின் வீடு பகலில் பூட்டியிருக்கும். உங்கள் நிலைமை அதுவானால், பெயரைப் பதிவு செய்யும்போதே எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள் என்பதையும் பக்கத்து வீட்டில் யாரிடம் கொடுக்கலாம் என்பதையும் தன்னார்வலரிடம் சொல்லிவிடுங்கள். அவரும் உங்கள் பகுதிப் பெண்தான்.

இனி நான் அடிக்கடி பார்க்கும் ஆபத்து ஒன்று. ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். மருத்துவமனையில் கொடுத்த, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போடுகிறார். இடையில் மகன் தனியார் மருத்துவரிடம் அழைத்துப் போக, அவர் ஒரு கூட்டு மாத்திரை எழுதியிருக்கிறார். அதற்குள்ளும் கிளிமிபிரைடு இருக்கிறது, கூடவே மெட்ஃபார்மின். ஒன்று வெள்ளை, இன்னொன்று இரண்டு நிறம். வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுவிட்டு, காலை உணவைத் தள்ளிப் போட்டிருக்கிறார். கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவருக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, தெளிந்ததும் மருத்துவமனைக்கு அனுப்பினேன். அந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் இருக்கும், ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீரோடு விட்டுவிடக் கூடாது. எந்த இடத்தில் வாங்கினாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அரசுக் கொள்முதலில் தயாரிப்பாளர் மாறும்போது மாத்திரையின் நிறமும் அளவும் மாறும் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். நிறம் மாறியது என்று நிறுத்தியவர்களும் உண்டு, புதிது என்று பழையதோடு சேர்த்துப் போட்டவர்களும் உண்டு.

இன்னொரு கூட்டம், சீட்டை லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள். மதுரையில் பெரிய மருத்துவர் எப்போதோ எழுதியது. கிழியாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, மாதா மாதம் எடுத்து வருவார்கள். மருந்து உலகம் அதற்குள் மாறிவிடுகிறது. சர்க்கரை நோய்க்கான சிட்டாகிளிப்டின் மருந்தின் காப்புரிமை 2022-இல் முடிந்தது; அதே நோய்க்கான எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில். அறுபது ரூபாய்க்கு அருகில் இருந்த எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் 15 ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது. ஆனால் லேமினேட் சீட்டில் பழைய பிராண்டின் பெயர் இருக்கிறது. மருத்துவர் எழுதியதற்குப் பதிலாக இன்னொரு பிராண்டை நானாக எடுத்துக் கொடுக்க மருந்து விதிகள் இடம் தருவதில்லை. மருத்துவரிடம் போய், "இதே மருந்து விலை குறைவாக இருந்தால் அதை எழுதித் தாருங்கள், பிராண்டோடு உள்ளிருக்கும் மருந்தின் மூலப்பெயரையும் எழுதுங்கள்" என்று கேட்க வேண்டியவர் நோயாளிதான். மூலப்பெயர் கையில் இருந்தால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுவதும் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பார்க்கலாம். எனக்கு வியாபாரம் குறையும்தான். நான்கு மாதம் வாங்கிவிட்டு முடியாமல் நிறுத்துபவரைவிட, வேறு கடையில் விடாமல் வாங்குபவர் மேல்.

அபூர்வமான மருந்துகளின் கதை வேறு. நடுக்குவாத நோய்க்கான லெவோடோபா, மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றை எங்கள் ஊரில் வாங்குபவர் இரண்டு மூன்று பேர். ஒரு பெட்டியாக எடுத்தால் பாதி காலாவதியாகிவிடும். அதனால் கடைக்காரர் "இல்லை" என்று சொல்லிவிடுகிறார். உண்மையில் அவர் சொல்ல வேண்டியது "நாளை மறுநாள் வரும்" என்பது. மதுரை மொத்த வியாபாரியிடம் சொன்னால் பஸ்ஸில் பார்சல் வந்துவிடும், ஞாயிறும் பண்டிகையும் குறுக்கிடாமல் இருந்தால். ஆகவே பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும். தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. உறையின் மேல் கிழமையை எழுதாமல் அதை நான் கையில் கொடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் இன்சுலின்தான். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்ததை, பெரும்பாலான வகைகளில், வெயில் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டுக்கு இது பொருந்தாது. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறிய சட்டியில் வைக்கச் சொல்வோம், அது ஓரளவு காப்பாற்றும். ஊசியையும் பாருங்கள். இங்கே குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் வகைக்கு. மாற்றி வாங்கி, 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். "இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை" என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது மூடியின் நிறத்தை.

ஃபிரிட்ஜ் இல்லாத ஓர் அக்கா, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு குப்பி வைத்திருந்தார். அந்த வீட்டார் திருச்செந்தூருக்கு நான்கு நாள் போனார்கள், சாவியோடு. கையிலிருந்த குப்பி அன்றிரவே தீர்ந்தது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் ஊசியில்லாமல் இருந்தவர், மூன்றாம் நாள் வாந்தியோடு மருத்துவமனையில் சேர்ந்தார். இப்போது அவருடைய குப்பிகள் எங்கள் கடை ஃபிரிட்ஜின் இரண்டாம் தட்டில், பெயர் எழுதி ஒட்டிய ஒரு டப்பாவில் இருக்கின்றன. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது என்பதால் சனிக்கிழமை மாலை, கூலி வாங்கிய கையோடு, அவர் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்.