சபாநாயகர் எழுந்து நின்றால் சபை ஏன் உட்கார வேண்டும்?

நாடாளுமன்ற நேரலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரிந்திருக்கும். ஒருவர் கொதித்துப்போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார், எதிர்வரிசையிலிருந்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கிறார்கள், சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அப்போது சபாநாயகர் தன் இருக்கையை விட்டு எழுந்து நிற்கிறார். அவர் எழுந்துவிட்டால் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்திவிட்டு உட்கார வேண்டும், மற்றவர்கள் அமைதியாகக் கேட்க வேண்டும். மக்களவை விதி 361 சொல்வது இதைத்தான். பல நாள் இது பலிக்காமல் போகிறது, அது வேறு விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன். பலிக்கிற நாளில் எப்படிப் பலிக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

சபையில் ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரிடம் பேசுவதே இல்லை, எல்லாப் பேச்சும் தலைவரை நோக்கித்தான். "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே" என்று தொடங்குவதை நாம் வெறும் மரியாதை என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் ஒழுங்குக்கு அஸ்திவாரமே அந்த விளிதான். எதிரே இருப்பவரை நேராகப் பார்த்துக் கேட்டால் "நீ அன்றைக்கு என்ன செய்தாய்?" என்றுதான் வாயில் வரும். அதையே நடுவில் இருக்கும் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்றால் "அமைச்சர் அன்றைக்கு என்ன செய்தார் என்று சொல்லட்டும்" என்று ஆகிவிடும். குற்றச்சாட்டின் கூர்மை கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் 'நீ' போய் 'அவர்' வந்துவிட்டது, பதில் சொல்கிறவரும் அதே சுற்றுவழியில்தான் வந்தாக வேண்டும். கோபம் ஆறுவதற்கு அந்த ஒரு நொடி போதும்.

அடுத்தது, யார் பேசுவது என்கிற பிடி. பிரிட்டன் பொதுச்சபையில் பேச விரும்புகிறவர்கள் எழுந்து நின்று சபாநாயகர் கண்ணில் படப் பார்ப்பார்கள், அவர் அழைத்தால்தான் வாய் திறக்கலாம். அழைக்காதவர் போடும் சத்தத்துக்கு இந்திய அவைகளில் வரும் பதில் நமக்குப் பழக்கமானது: "எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது." ஏறிவிட்ட சொல்லையும் எடுக்கலாம். அவதூறான, அநாகரிகமான, அவை மரபுக்கு ஒவ்வாத சொற்களை நீக்கச் சொல்ல விதி 380 இடம் தருகிறது, நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகள் மட்டும் நிற்கும். நேரலை வந்த பிறகு அந்தச் சொல்லை ஊரே கேட்டிருக்கும் என்பது உண்மைதான், இந்த ஆயுதம் முன்போல் கூராக இல்லை.

சொல்லியும் கேட்காவிட்டால் படிப்படியாகத் தண்டனை வரும். விதி 373-இன்படி அன்று முழுக்க வெளியே அனுப்பலாம். அதற்கும் மேலே போனால் பெயரைச் சொல்வது. பிரிட்டனில் சபாநாயகர் அழைக்கும்போது தவிர, உறுப்பினரைத் தொகுதியை வைத்துத்தான் குறிப்பிடுவார்கள், ஒழுங்கு மீறியதற்காக அவர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டார் என்றால் இடைநீக்கம் வரப்போகிறது என்று அர்த்தம். இந்தியாவில் விதி 374-இல் பெயர் சொல்வது சபாநாயகர், இடைநீக்கத் தீர்மானத்துக்கு வாக்களிப்பது சபை. 2001-இல் சேர்த்த 374-ஏ விதியில் அந்த வாக்கெடுப்பும் கிடையாது, அவையின் நடுவே வந்து கோஷமிட்டு முடக்குகிறவர் பெயரைச் சொன்ன உடனேயே தொடர்ந்து 5 அமர்வுகளுக்கு, அல்லது கூட்டத்தொடரின் மீதி நாட்களுக்கு, எது குறைவோ அதுவரை இடைநீக்கம்.

விதியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1881 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டன் பொதுச்சபை கூடியது. அயர்லாந்து மீதான அடக்குமுறை மசோதாவைத் தடுக்க அயர்லாந்து உறுப்பினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். யாரும் விதியை மீறவில்லை, பேச உரிமை இருந்தது, பேசினார்கள். பகல் போய், இரவு போய், பிப்ரவரி 2 காலையில் 41 மணி நேரத்தைத் தாண்டிய பிறகு சபாநாயகர் ஹென்றி பிராண்ட், தன் சொந்தப் பொறுப்பில் விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்கு விட்டார். அப்படிச் செய்ய அவருக்கு எழுத்தில் எந்த அதிகாரமும் இல்லை. அதற்குப் பிறகுதான், 1882-இல், விவாதத்தை முடித்துவைக்கும் விதியை அந்தச் சபை எழுதிக்கொண்டது.

பெருங்கூச்சல் எழுந்தால் கடைசியாக இருப்பது ஒத்திவைப்பு, விதி 375. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் முடக்க வந்தவர் கேட்டது அங்கே கிடைத்துவிடுகிறது. சபாநாயகரால் சபையைக் கலைந்து போகச் சொல்ல முடியும், விவாதிக்க வைக்க முடியாது. அதற்கு எதிர்க்கட்சி அவரை நம்ப வேண்டும், ஆளும் தரப்பு கத்தினாலும் இதே மனிதர் இதே போல எழுந்து நிற்பார் என்று. பிரிட்டனில் சபாநாயகரானவர் கட்சியை விட்டு விலகிவிடுவார். இந்தியாவில் அப்படிக் கட்டாயமில்லை, ஆனாலும் 1967-இல் மக்களவைச் சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி தானாகவே காங்கிரசிலிருந்து விலகினார். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும், பதவிக்காகக் கட்சியை விடும் சபாநாயகரின் உறுப்பினர் பதவி பறிபோகாது என்று விலக்குத் தந்திருக்கிறது. அந்தக் கதவு இன்றும் திறந்துதான் இருக்கிறது.