பேரளவுச் சிக்கனம்

‘எகானமீஸ் ஆஃப் ஸ்கேல்’ என்பதை இணையத்தில் ‘அளவின் பொருளாதாரங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். படித்தால் ஒன்றும் விளங்காது. எகானமி என்றாலே பொருளாதாரம் என்று கை பழகிவிட்டது. வீட்டைக் குறிக்கும் ‘ஓய்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்தது எகானமி. முதற்பொருள் வீட்டு நிர்வாகம். செட்டாகச் செலவழிப்பது என்ற பொருள் அதிலிருந்து வந்தது. இந்தத் தொடரில் இருப்பது அதுதான். பொருளியல் பாடநூல்கள் ‘பேரளவு உற்பத்தியின் சிக்கனங்கள்’ என்று சரியாகவே சொல்கின்றன. சுருக்கிப் பேரளவுச் சிக்கனம் எனலாம்.

உற்பத்தி பெருகும்போது ஒரு பொருளுக்கு ஆகும் சராசரிச் செலவு குறைவதே இது. மொத்தச் செலவு கூடத்தான் செய்யும், ஆனால் உற்பத்தி கூடும் விகிதத்தில் கூடாது. ரசாயன ஆலைகளில் இதற்கு ஒரு கைக்கணக்கே உண்டு: கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் கட்டுமானச் செலவு ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆகும். தொட்டியின் கொள்ளளவு கூடும் வேகத்தில் அதைச் சுற்றும் தகட்டின் பரப்பு கூடுவதில்லை, அவ்வளவுதான்.

இதைப் பெரிய நிறுவனமென்றால் லாபமும் பெரிது என்று படித்துவிடக் கூடாது. குறைவது செலவு; லாபத்துக்கு, செய்ததை வாங்க ஆளும் வேண்டும். ஃபோர்டு கதை இதற்குப் பொருத்தம். 1908-இல் சுமார் 850 டாலருக்கு வந்த மாடல் டி கார், வண்டி நகர நகர ஆளுக்கொரு பாகம் பூட்டும் தொகுப்பு வரிசை வந்தபின் 1920-களில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. உற்பத்தித் திறனில் குறையே இல்லை. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் ஆண்டுக்கொரு புது வடிவமும் பல விலைகளும் காட்டியபோது மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1927-இல் ஃபோர்டு மாடல் டி-யை நிறுத்தி, அடுத்த மாடலுக்காக ஆலையை மாதக்கணக்கில் மூட வேண்டியதாயிற்று. ஒரே வண்டிக்கென அமைத்த இயந்திரங்கள் வேறெதற்கு உதவும்?

அளவு மீறினால் மேற்பார்வையும் தாமதமும் செலவை ஏற்றும். அதற்குப் பேரளவுச் சிக்கனமின்மை என்று பெயர்.

அப்புறம், சிக்கனம் நிறுவனத்துக்குள்ளேதான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே, நிறுவனத்துக்குள் கிடைப்பது அகச் சிக்கனம், சுற்றியுள்ள தொழில் வளர்வதால் வெளியிலிருந்து கிடைப்பது புறச் சிக்கனம் என்று பிரித்துவிட்டார். திருப்பூரில் நிட்டிங், சாயம், பிரிண்டிங் எல்லாம் தனித்தனி யூனிட்டுகளில் ஜாப் ஒர்க்காக, அதாவது அடுத்தவர் துணிக்குக் கூலி வாங்கிச் செய்து தருவதாக, நடப்பது இரண்டாம் வகை. சில தையல் மெஷின்களோடு தொடங்குபவர் சாயப்பட்டறை கட்ட வேண்டியதில்லை. பல பேருடைய துணி சேர்ந்து ஓடும் பட்டறையில் தன் துணியையும் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்.