சப்ஸ்கிரைபருக்கு ஏது சந்தா?

"இந்தச் சேனலுக்கு 5 லட்சம் சந்தாதாரர்கள்." செய்திகளில் இப்படி ஒரு வரியைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. யூடியூபில் ஒரு சேனலை சப்ஸ்கிரைப் செய்தவர் யாருக்கும் ஒரு பைசாகூடக் கொடுப்பதில்லை. கட்டாத சந்தாவுக்கு அவர் எப்படிச் சந்தாதாரர் ஆவார்?

முதலில் சொல்லின் பிறப்பு. 'சந்தா' பாரசீகத்தில் பிறந்து உருது, இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. 'தார்' என்பதும் பாரசீக ஒட்டுதான். வைத்திருப்பவர் என்று பொருள். ஜமீன்தார், தாசில்தார் இரண்டிலும் இருப்பது அதுவே. அதன்மேல் நம்முடைய 'அர்' ஏறி 'தாரர்' ஆனது. வேற்றுமொழிச் சொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. பங்குதாரர் என்று தமிழ்ச் சொல்லோடும் ஒட்டிக்கொண்டு அது நம்மோடு கலந்துவிட்டது.

ஆங்கில சப்ஸ்கிரைப் இலத்தீன் வழி வந்தது. சப் என்றால் கீழே, ஸ்க்ரீபெரே என்றால் எழுதுவது. ஆவணத்தின் அடியில் பெயரெழுதி ஒப்புக்கொள்வதுதான் மூலப்பொருள். பணம் பின்னால் வந்து சேர்ந்தது. அச்சாகப்போகும் புத்தகத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் சப்ஸ்கிரைபர் ஆனார். 19ஆம் நூற்றாண்டில் தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்களும் இதே வழக்கத்தைக் கையாண்டார்கள். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது பலரிடம் 'கையொப்பம்' வாங்கித்தான். எவ்வளவு பொருத்தமான சொல்! அதை நாம் தொலைத்துவிட்டோம்.

சரி, சந்தாவில் என்ன குறை? பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் இரண்டு விஷயங்கள் உறுதி. நான் பணம் தருகிறேன். அவர்கள் ஒவ்வொரு இதழையும் தவறாமல் அனுப்புகிறார்கள். சேனல் விஷயத்தில் இரண்டுமே கிடையாது. பணம் இல்லை என்பது தெரிந்ததே. வந்து சேரும் என்ற உறுதியும் இல்லை. முகப்பில் எந்த வீடியோ வர வேண்டும் என்பதை அல்காரிதம் முடிவு செய்கிறது. நீங்கள் முன்பு எதைப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அதனால்தான் வீடியோ போடுபவர்கள் சப்ஸ்கிரைப் செய்யச் சொன்ன கையோடு அறிவிப்பு மணியையும் அழுத்தச் சொல்கிறார்கள். இந்த உறவுக்குச் சந்தா என்று பெயர் வைப்பது இல்லாத ஒப்பந்தத்தை இருப்பதாகக் காட்டுவது.

என் சித்தி ஒருவர் தமிழில் இருந்த யூடியூப் திரையில் 'சந்தா' என்ற சொல்லைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். "மாசா மாசம் காசு எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் வந்த பயம் அது.

2018இல் குழப்பம் இன்னும் முற்றியது. அந்த ஆண்டு யூடியூப், சேனலுக்கு மாதாமாதம் பணம் கட்டி உறுப்பினராகும் வசதியைக் கொண்டுவந்தது. அதாவது உண்மையான சந்தா வந்தே விட்டது! ஆனால் அந்தப் பெயரை இலவசப் பொத்தானுக்குக் கொடுத்து முடித்துவிட்டோம். நேரலை வீடியோ தளமான ட்விச்சைப் பாருங்கள். அங்கே 'ஃபாலோ' இலவசம், 'சப்ஸ்கிரைப்' மாதக் கட்டணம். அங்கே சப்ஸ்கிரைபரைச் சந்தாதாரர் என்றால் நூற்றுக்கு நூறு சரி. கட்டண ஓடிடிக்கும் சரி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கிறதே என்று தமிழிலும் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டுவதுதான் தப்பு.

அப்புறம், சப்ஸ்கிரைபுக்குத் தமிழில் போடும் 'குழுசேர்'. இதன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் பார்க்க நல்ல தமிழாக இருக்கிறது. மின்னஞ்சல் வழியே பேசிக்கொள்ளும் மடலாடற்குழுக்களில் இந்தச் சொல் பொருந்தும். அங்கே ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். பதில் வரும், வாக்குவாதம் நடக்கும். அது குழு. சேனலில் குழு எங்கே இருக்கிறது? பத்து லட்சம் பேர் இருந்தாலும் ஒருவருக்கு மற்றவர் யாரென்று தெரியாது. ஒவ்வொருவருக்கும் சேனலோடு மட்டும்தான் உறவு. பின்னூட்டங்களில் தொடர்ந்து எழுதுபவர்களிடையே ஒரு பழக்கம் உண்டாவது உண்மை. நேரலை அரட்டையில் பெயர் சொல்லி விசாரித்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கும் அந்தப் பொத்தானுக்கும் சம்பந்தமில்லை. பொதுவாக, சப்ஸ்கிரைப் செய்யாமலும் பின்னூட்டம் எழுதலாம். போதாக்குறைக்கு, பணம் கட்டி உறுப்பினராகும் பொத்தானுக்கு 'சேர்' என்று போட்டால் 'குழுசேர்' ஒரு பக்கம், 'சேர்' ஒரு பக்கம். எதற்குக் காசு என்று யார் கண்டுபிடிப்பது?

'பின்தொடர்' பரவாயில்லை. ஆனாலும் ஒருவருக்குத் தெரியாமல் அவர் பின்னால் போகும் வாடை அதில் இருக்கிறது. 'பின்'னை எடுத்துவிட்டால் போதும். சேனலைத் தொடர், தொடர்பவர். வெறும் 'தொடர்' என்றால் அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லும் பொத்தானோடு குழம்பும் என்று சிலர் சொல்வதில் நியாயம் உண்டு. அதனால்தான் 'சேனலைத் தொடர்' என்று முழுதாக எழுதச் சொல்கிறேன். விலகுவதற்குத் 'தொடர்வதை நிறுத்து'.

இவ்வளவு குழப்பமும் எப்படி வந்தது? என் ஊகம் இது: மொழிபெயர்ப்பாளருக்குத் திரையைக் காட்டாமல் சொற்பட்டியலை மட்டும் நீட்டுகிறார்கள். அவர் அகராதியைப் புரட்டி முதல் பொருளை எடுத்துப் போடுகிறார். பொத்தானில் ஒன்று, எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொன்று, வீடியோவில் பேசுபவர் வாயில் "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று மூன்றாவது. இந்த மூன்றில் யாருக்கும் புரிவது அந்த மூன்றாவதுதான். புரியாத தமிழைவிட அது எவ்வளவோ மேல் என்று நினைப்பவன் நான்.

செய்தி எழுதுபவர்களுக்கு இன்னொன்று. 2019 மே மாதம் இந்திய இசை நிறுவனமான டி-சீரிஸின் சேனல், 10 கோடி சப்ஸ்கிரைபர்களை எட்டிய முதல் சேனல் ஆனது. "10 கோடி சந்தாதாரர்களைப் பெற்றது" என்று எழுதினால் 10 கோடிப் பேர் பணம் கட்டியதாக ஆகிறது. இங்கே பெயர்ச்சொல்லே தேவையில்லை. ஆங்கிலம் எண்ணிக்கையைச் சேனலின் சொத்துபோலச் சொல்லும். தமிழுக்கு வினை இருக்கிறது. "அந்தச் சேனலை 10 கோடிப் பேர் தொடர்கிறார்கள்" என்று எழுதுங்கள்.