வாடைக்காற்றையும் கணக்கில் எடுங்கள்

இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கவும் கூடாது. பள்ளிக்கூடப் படலையில் புகைத்தல் தடை என்று பலகையும் மாட்டியாயிற்று. சரி, ஏதாவது மாறியதா? யாழ்ப்பாணத்தில் இதை அளக்கப் போனால் காற்று, தோட்டம், அடுப்பு மூன்றும் குறுக்கே வரும்.

முதலில் காற்று. புகையில் 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய நுண்துகள்கள் உண்டு. கையடக்கக் கருவி அவற்றை எண்ணிச் சொல்லிவிடும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று இந்தியப் பக்கத்து மாசையும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருகிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் ஆடியில் வானம் தெளிவு. தடைக்கு முன் தையிலும், பின் ஆடியிலும் அளந்தால் துகள் குறைந்துதான் இருக்கும். அதிபர் பூரித்துப் போவார், புகழ் என்னவோ சோளகத்துக்குரியது. அதனால் வகுப்பறையிலும் வெளியிலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். தடையைக் கடுமையாக நடத்தாத இன்னொரு பள்ளிக்கூடத்திலும் அதே நாட்களில் அளக்க வேண்டும். என்னைக் கேட்டால் சோடியம் பைசல்பேற்று ஊறிய சிறு வடிதாளைக் கூரையில் தொங்கவிடுவதே நல்லது. காற்றிலுள்ள நிக்கொட்டினை அது பிடித்துவைக்கும், அதை மட்டும் அளந்தால் போதும். குப்பை எரித்த புகை அதை ஏமாற்றாது.

அடுத்தது பிள்ளைகள். உலக இளையோர் புகையிலை ஆய்வு 13 முதல் 15 வயது மாணவர்களிடம் பெயரில்லாத தாளில் பதில் வாங்குகிறது. தாளை வகுப்பாசிரியரே சேர்த்தால் யார் உண்மை எழுதுவார்கள்? எச்சிலைச் சோதிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் கூடுதலான பிள்ளைகள் ஒப்புக்கொள்வதை அமெரிக்காவில் 1970களிலேயே கண்டார்கள்.

எச்சிலில் தேடுவது கொட்டினின். நிக்கொட்டின் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். உடல் அதிலிருந்து உண்டாக்கும் கொட்டினின் பாதியாக ஏறத்தாழ 16 மணித்தியாலம் எடுக்கும். வெள்ளி பின்னேரம் பத்திய சிகரெட்டின் தடயம் சனியும் கிடைக்கும். ஆனால் வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில், பனி ஈரம் காயாத புகையிலையை அப்பாவோடு சேர்ந்து முறிக்கும் பிள்ளைக்குத் தோல் வழியாகவே நிக்கொட்டின் ஏறும். வெற்றிலையோடு புகையிலை சப்புபவருக்கு வாய் வழியாக ஏறும். இவர்கள் புகைத்ததே இல்லை. மூச்சுக் காற்றில் புகையோடு வரும் காபனோரொட்சைட்டு வாயுவைப் பார்த்தால் இவர்களைப் பிரித்துவிடலாம், காலையில் குசினியில் விறகு அடுப்பு ஊதிவிட்டு வராதவரை! ஆக, எச்சில், மூச்சு இரண்டையும் எடுத்து, தோட்டத்தையும் அடுப்பையும் பற்றி இரண்டு கேள்வி கூடக் கேட்கத்தான் வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே கூட்டாளிகள், ஒரே கடை, ஒரே அதிபர் என்று ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அங்கே 400 பேரைக் கேட்பதைவிட, 20 பள்ளிக்கூடங்களில் 20 பேர் வீதம் கேட்பது எவ்வளவோ மேல்.

அப்புறம் ரியூசன் ஒழுங்கை. உள்ளே மறைந்த புகை மதிலுக்கு வெளியே போயிருக்கலாம். திறந்த வெளியில் நிக்கொட்டின் கலைந்துவிடும், வடிதாள் உதவாது. அங்கே நிலத்தில் கிடக்கும் சிகரெட் அடிக்கட்டைகளை எண்ணுவார்கள். முதல் நாள் பின்னேரமே ஒழுங்கையைக் கூட்டிவிட்டு.