ஸ்நார்க்கெல் – உயிர்ப்புக்குழல்

டீசலிலும் மின்கலத்திலும் மாறி மாறி ஓடும் நீர்மூழ்கிக் கப்பல், முழுவதும் மேலெழாமல், பெரிஸ்கோப் எட்டும் ஆழத்திலேயே இருந்துகொண்டு எஞ்சின்களை ஓட்டி மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்துகொள்வதற்காக நீருக்கு மேல் உயர்த்தும் காற்றுக் குழாயே ஸ்நார்க்கெல். கடலடியைக் காண நீந்துவோர் வாயில் கவ்விக்கொள்ளும் சிறு குழாய்க்கும் இன்று இதே பெயர் வழங்குகிறது. ஆயினும் ஆங்கிலத்துக்குள் இச்சொல் நுழைந்தது இரண்டாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிகளின் வழியாகத்தான்.

சொல்லின் பிறப்பிடம் ஜெர்மன் மொழி. பேச்சு வழக்கில் மூக்கைக் குறித்த ‘ஷ்நோர்ஷெல்’, குறட்டை விடுதலைக் குறிக்கும் ‘ஷ்நார்ஷென்’ என்ற வினையோடு உறவுடையது. ஆனால் ஜெர்மானியர் இக்கருவியைப் பிறரிடமிருந்தே பெற்றனர். நெதர்லாந்துக் கடற்படை அதிகாரி விக்கெர்ஸ் 1930களில் வடிவமைத்த குழாயுடன் ஓ-19, ஓ-20 ஆகிய டச்சு நீர்மூழ்கிகள் 1939இல் பணியில் சேர்ந்தன. 1940இல் நெதர்லாந்தைப் பிடித்தபோது இக்குழாய்கள் கைக்குக் கிடைத்தும் ஜெர்மனி அவற்றை உடனே பொருட்படுத்தவில்லை. இரவில் மேலெழுந்து மின்னேற்றிக்கொண்டிருந்த தன் நீர்மூழ்கிகளை நேச நாட்டு விமானங்கள் ரேடாரால் கண்டறிந்து தாக்கத் தொடங்கிய பிறகே, 1943–44இல் அவற்றைப் பொருத்தத் தொடங்கியது. பிரிட்டிஷ் கடற்படை இதனை ‘ஸ்நார்ட்’ என்றது. ரஷ்யர்கள் ‘நீருக்கடியில் டீசலின் இயக்கம்’ என்று பொருள்படும் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஆர்.டி.பி.’ என்றனர்.

இந்தியாவின் முதல் நீர்மூழ்கிகளான கல்வரி வகைக் கப்பல்கள் சோவியத் நாட்டில் கட்டப்பட்டவை. அவற்றுள் ஒன்றான குர்சுரா, 1969 டிசம்பரில் பணியேற்று 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்று, 2002 முதல் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 91 மீட்டர் நீளமுள்ள அதன் உட்புறம் ஏழு அறைகளைக் கொண்டது. வட்ட வாயில்களில் குனிந்து நுழைந்து ஐந்தாம் அறைக்கு வருவோர், ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய ஒடுங்கிய வழியில் மூன்று டீசல் எஞ்சின்களைக் காணலாம். நீருக்கடியில் இருக்கும்போது இத்தகைய எஞ்சின்களுக்கு வேண்டிய காற்று முழுவதும் அந்த ஒற்றைக் குழாய் வழியேதான் வந்தாக வேண்டும். அலை ஒன்று குழாயின் தலையை மூடினால், கடல்நீர் புகாதபடி அங்குள்ள வால்வு தானே அடைத்துக்கொள்ளும். எஞ்சின்களோ ஓட்டத்தை விடாமல் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சத் தொடங்கும். உள்ளழுத்தம் சட்டெனக் குறைவதால் மாலுமிகளுக்குக் காது அடைத்து வலிக்கும். வால்வு திறந்ததும் அழுத்தம் மீண்டும் ஏறி அடுத்த வலியைத் தரும். கொந்தளிக்கும் கடலில், தூங்குபவரும் காவலில் நிற்பவரும் ஒருசேர இதைத் தாங்க வேண்டியிருந்தது. அழுத்தம் அளவுமீறிக் குறைந்தால் எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும்.

தமிழில் ‘மூச்சுக்குழல்’ என்பதே முதலில் மனத்தில் எழும் பெயர். ஆனால் அது உடலுறுப்பின் பெயராக ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘காற்றுக்குழாய்’ எந்தக் குழாய்க்கும் பொருந்துமளவுக்குப் பொதுவானது. ஆகவே ‘உயிர்ப்புக்குழல்’ என்பதே தக்கது என்பது என் கருத்து. உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்கிறோம். உள்ளிழுத்தல், வெளிவிடுதல் இரண்டையும் அச்சொல் தழுவுவதால், எஞ்சினின் புகை நீருக்குள் வெளியேறும் வழியையும் சேர்த்து அந்த அமைப்பு முழுவதையும் அதனாலேயே குறிக்கலாம். குழலை உயர்த்தி எஞ்சினை ஓட்டும் செயலுக்கு ‘உயிர்ப்போட்டம்’ என்ற சொல் அதிலிருந்தே கிடைக்கிறது: ‘கப்பல் விடியும்வரை உயிர்ப்போட்டத்தில் இருந்தது’ என்று தடையின்றி எழுதலாம். நீந்துவோர் கவ்வும் குழாயை ‘நீச்சற்குழல்’ எனத் தனியே வழங்கினால் இரண்டும் குழம்பா.