காற்றை அழுத்திக் காபி போட்டவர்

ஒரே ஒரு கோப்பை காபி போட வேண்டும், அதுவும் நன்றாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இருந்த ஆலன் ஆட்லர் என்ற பொறியாளருக்கு, இதற்கு ஏற்ற கருவி இல்லாதது பெரிய குறையாகவே இருந்தது. சொட்டுச் சொட்டாக வடிக்கும் மின்சார இயந்திரங்கள் ஆறேழு கோப்பைக்கென்று செய்தவை. கையால் வடிகட்டினாலோ நான்கைந்து நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரம் வெந்நீரில் கிடந்தால் தூளின் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

ஆட்லர் அதற்கு முன்பே பெயர் பெற்றவர், ஆனால் காபியால் அல்ல. 1984-ல் வந்த ஏரோபி என்ற எறிவளையம் அவருடையது. வளையத்தின் முன்பாதி காற்றைக் கீழே தள்ளுவதால் பின்பாதிக்குத் தூக்குவிசை குறையும். சுழலும் வளையம் ஒருபக்கம் சாய்ந்துவிடும். விளிம்பில் ஒரு சின்ன மேடு வைத்து அதைச் சரிசெய்தார். 2003-ல் ஏரோபி ஒன்று 406 மீட்டர் தூரம் பறந்தது.

காற்றோடு அவ்வளவு பழகியவர் காபிக்கும் காற்றையே பிடித்துக்கொண்டார். 2005-ல் வந்த ஏரோபிரஸ், பார்க்கப் பெரிய சிரிஞ்சு மாதிரி இருக்கும். அடியில் வட்டமான வடிதாள். உள்ளே தூள் போட்டு, சுமார் 80 டிகிரி வெந்நீர் ஊற்றி, பத்து விநாடி கலக்கி, தண்டை மெல்ல அழுத்த வேண்டும். தண்டின் ரப்பர் நுனி நீரைத் தொடாது. இடையில் சிக்கிய காற்றுதான் அழுந்தி, சுருள்வில் போல நீரைத் தள்ளுகிறது.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உருளையின் உட்புறக் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 30 சதுர சென்டிமீட்டர். கையால் 15 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் அரை வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். எஸ்பிரெசோ இயந்திரத்தின் 9 பாருக்குப் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) பக்கத்தில் இது சொற்பம். ஆனால் ஐந்து மீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் இது! சாதாரண வடிகட்டியில் தூளுக்கு மேலே நிற்பது சில சென்டிமீட்டர் நீர்தான். அதனால் அங்கே அடைத்துக்கொள்ளும் நைசான தூளையும் இங்கே தாராளமாகப் போடலாம். நைசான தூளுக்குப் பரப்பு அதிகம். மணமும் சுவையும் சட்டென்று இறங்கும். கசப்பு மெதுவாகத்தான் கரையும். அது கரைவதற்குள் டிகாக்‌ஷன் கோப்பைக்கு வந்துவிடுகிறது.

2008-ல் ஒஸ்லோவில் முதல் ஏரோபிரஸ் போட்டி நடந்தபோது கலந்துகொண்டவர்கள் மூன்றே பேர். பிறகு அது உலகப் போட்டியாக வளர்ந்தது. வென்றவர்களில் பலர் ஆட்லர் சொன்ன முறையை மாற்றி, கருவியைத் தலைகீழாக நிறுத்தி வைத்தே காபி போட்டார்கள்.